தண்ணீர் போவது குடலுக்குள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மருத்துவப் பக்கத்தில், வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அப்படியொரு முறை இருக்கிறது என்று எழுதியதற்கே முதலில் நன்றி. எங்கள் பக்கத்தில் கிட்னி போனவர் என்றால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ போய் மிஷினில் படுத்துவிட்டு வருகிறவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் கட்டுரைக்கு நடுவே, "குழாய் வழியாகக் குடலுக்குள் மருந்து நீரைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வெளியே எடுப்பார்கள்" என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு படம். வட்டமாக ஒரு வயிறு, அதற்குள் சுருண்ட குடல், நேராகப் போய்க் குடலுக்குள்ளேயே முடிகிற குழாய். வரி தப்பு. படம் அதைவிடத் தப்பு.

நான் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தறிக் குடும்பம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. இந்த வயிற்று டயாலிசிஸை அவருக்குச் சில வருசமாக நான்தான் செய்கிறேன். வெடியால, உச்சிப்பொழுது, பொழுதோட, ராத்திரி படுக்கும் முன்பு என்று நாலு தடவை பை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு லிட்டர் உள்ளே, அதற்கு முன்னால் உள்ளே இருந்தது வெளியே. நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்ததோடு சரி. ஆனால் எது எங்கே போகிறது, எங்கே போகக் கூடாது என்று தெரியாமல் இந்த வேலையை ஒரு நாள்கூடச் செய்ய முடியாது.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்று சொல்கிறேன். காங்கேயத்துக்கு அக்கட்டால எங்களுக்கு ஒறம்பரை இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளுக்கும் கிட்னி டாக்டர் இதே முறையைச் சொல்லியிருந்தார். வீட்டில் மாடு கன்று இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போய்வர முடியாது. நான் நேரில் வந்து பை மாற்றிக் காட்டுகிறேன் என்று பேசி வைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானம் அவளிடமிருந்து போன்.

"ஏனுங்க்கா, கொடலுக்குள்ள கொழா உடறதுன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்களே. அப்பறம் திங்கற சோறு அந்தத் தண்ணியோட கலந்துராதுங்களா? தெனமும் நாலு எனிமாவுங்களா? என்னால ஆகாதுங்க்கா. நான் மிஷினுக்கே போய்க்கறேன்."

நான் சொன்னால் ஒறம்பரை பேச்சு, பேப்பரில் வந்தால் அச்சில் வந்த பேச்சு. அவளை என்ன சொல்ல முடியும்? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

வயிற்றுச் சுவரின் உள்பக்கம் முழுக்க மெல்லிய, பளபளப்பான ஒரு ஜவ்வு ஒட்டியிருக்கிறது. டாக்டர்கள் அதைப் பெரிட்டோனியம் என்கிறார்கள். மேலே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தின் அடிப்பக்கம், முன்னால் தொப்புளுக்குப் பின்புறம், விலாப் பக்கம், கீழே இடுப்புக்குழி வரைக்கும் அது சுவரோடு சுவராகப் போகிறது. முதுகுப் பக்கம் வந்ததும் சுவரை விட்டுத் திரும்பி, முன்னால் நீண்டு, குடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் முதுகுச் சுவருக்கே போய்ச் சேர்கிறது. இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் மேலெல்லாம் போர்த்தியிருப்பதும் இதே ஜவ்வுதான். சுவரில் ஒட்டியது ஒரு அடுக்கு, உறுப்பின் மேல் ஒட்டியது ஒரு அடுக்கு என்று பிரித்துப் பேசுவார்களே தவிர, நடுவில் எங்கேயும் வெட்டு இல்லை. இந்த இரண்டு அடுக்குக்கும் இடையில் இருக்கிற இடத்தில்தான் எங்கள் தண்ணீர் போகிறது.

நல்ல உடம்பில் அது ஒரு இடம் என்றே தெரியாது. இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். உரசாமல் வழுக்கிப் போவதற்குக் கொஞ்சம் ஈரம், சில ஸ்பூன் அளவு, அவ்வளவுதான். நாம்தான் இரண்டு லிட்டரை விட்டு அதை அகலப்படுத்துகிறோம். குடல் அந்த இடத்துக்குள் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஜவ்வுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சோறு ஓடுவது குடலுக்கு உள்ளே. தண்ணீர் நிற்பது குடலுக்கு வெளியே. நடுவில் குடலின் சுவர் முழுசாக இருக்கிறது, அதற்கு மேல் ஜவ்வும் இருக்கிறது. கலப்பதற்கு வழி கிடையாது. அப்படிக் கலந்தால் அது டயாலிசிஸ் இல்லை, குடல் ஓட்டையான கேஸ். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

அந்த ஜவ்வின் மேல்பரப்பு ஒரே ஒரு வரிசை செல். அதற்கு அடியில் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் நிறைய ஓடுகின்றன. எல்லா மடிப்பையும் பிரித்துப் பரப்பினால் ஆளின் தோல் பரப்புக்குக் கிட்டத்தட்ட வரும், அதாவது ஒன்றரையிலிருந்து இரண்டு சதுர மீட்டர் என்கிறார்கள். ரத்தத்தில் தேங்கிய யூரியாவும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் அந்த ரத்தக்குழாய்களிலிருந்து ஜவ்வைத் தாண்டி, நாங்கள் விட்ட தண்ணீருக்குள் வந்து சேர்கின்றன. உடம்பில் தங்கின உபரி நீரை இழுக்கத் தண்ணீரில் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை இருக்கிறது, 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று வகைப் பை. கால் வீங்கியிருந்தால் கெட்டியானது, இல்லாவிட்டால் லேசானது. நாலு முதல் ஆறு மணி நேரம் உள்ளே நிற்கும், ராத்திரிப் பை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இரண்டு லிட்டர் விட்டால் இரண்டேகால், இரண்டரை என்று திரும்பி வரும். அந்தக் கூடுதலைத்தான் நான் தினமும் நோட்டில் எழுதி வைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. கெட்டுப்போன கிட்னி இரண்டும் இந்த ஜவ்வுக்கு வெளியே, முதுகுச் சுவரை ஒட்டிப் பின்னால் இருக்கின்றன. கணையத்தில் பெரும்பகுதியும் அங்கேதான். உங்கள் படத்தில் கிட்னியே இல்லை. கிட்னி டயாலிசிஸ் படத்தில் கிட்னியைப் போடாமல் விடுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

இதையெல்லாம் முதலில் டிரெய்னிங் கொடுத்த நர்ஸ் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டுத்தான் காட்டினார். நல்ல பொண்ணு, பொறுமையாகச் சொன்னது. ஆனால் எனக்கு உருப்படியாக மண்டையில் ஏறியது எங்கள் ஊர்க் கறிக்கடையில். ஞாயிற்றுக்கிழமை வெடியால கூட்டம் சேரும் முன்பே போனேன். கடைக்காரர் எனக்கு அண்ணன் முறை. "அண்ணா, வயித்தைத் திறக்கையில கொஞ்சம் மெதுவாப் பண்ணுங்க, பாக்கோணும்" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

தோலை உரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் வயிற்றை நடுவில் கத்தியால் கீறினார். சுவரின் உள்பக்கம் ஈரமாக மின்னியது. விரல் நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். கண்ணாடிக் காகிதத்தைவிட மெல்லிசாக ஒரு ஜவ்வு எழும்பி வந்தது. உள்ளே குடல் உடனே கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னால் ஒரு மெல்லிய ஜவ்வு தொங்கியது, அதில் வெள்ளைக் கொழுப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. டாக்டர்கள் ஒமென்டம் என்று சொல்கிற கொழுப்பு மடிப்பு அதுதான். அதை அப்படியே கையில் தூக்கி மேலே போட்டார். அதற்குப் பின்னால்தான் குடல். குடல் எங்கேயும் தனியாகக் கிடக்கவில்லை. அடி முதல் நுனி வரை ஒரு ஜவ்வில் ஒட்டியிருந்தது. அந்த ஜவ்வை வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்தார். உள்ளே சிவப்பும் நீலமுமாக ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து குடல் ஓரம் வரை போயிருந்தன. நடுநடுவே கொழுப்புக்குள் நெறிக்கட்டிகள். பெருங்குடல் அந்த ஜவ்வுக்குள்ளேயே வட்டமாகச் சுருண்டிருந்தது. அது ஆடு மாட்டுக்கு உள்ள வேலை, மனுசனுக்கு அப்படிக் கிடையாது. ஆட்டுக்கு வயிறே நாலு அறை, அதனால் மடிப்புகள் தொடங்குகிற இடமும் மாறும். ஆனால் சுவர், இடைவெளி, மடிப்பு, அதில் ஒட்டிய குடல் என்கிற அமைப்பு ஒன்றுதான். அடுத்த நிமிசம் அவர் குடலின் ஒரு முனையைப் பிடித்து ஜவ்விலிருந்து சரசரவென்று உருவி எடுத்துவிட்டார். "அவ்வளவுதானுங்க, ஜவ்வு வேற, கொடலு வேற" என்றார். ஒரு வகுப்பே எடுத்த மாதிரி இருந்தது.

குடலைப் பிடித்திருக்கும் அந்த மடிப்புக்கு மெசென்டரி என்று பெயர். மனுசனின் சிறுகுடல் ஆறு மீட்டர் சுமார் நீளம். அவ்வளவையும் தாங்குகிற மடிப்பு, முதுகுச் சுவரில் ஒட்டியிருக்கும் இடம் வெறும் 15 சென்டிமீட்டர்தான்: இடப்பக்கம் இடுப்பு முதுகெலும்பின் இரண்டாவது எலும்பருகில் தொடங்கி, சாய்வாக இறங்கி, வலப்பக்கம் முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டருகில் முடிகிறது. சேலைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகும் இடத்தில் நாலு விரல் அகலம், காலடியில் விரிகிற ஓரம் எத்தனை பெரிது? குடல் அந்த ஓரத்தில் இருக்கிறது. அதனால்தான் நாம் புரண்டு படுத்தாலும் குதித்தாலும் குடல் முடிச்சுப் போட்டுக்கொள்வதில்லை, ரத்தமும் தடையில்லாமல் போகிறது. எங்கேயாவது அந்த மடிப்பு முறுக்கிக்கொண்டால் ரத்தம் நின்று குடலே கருத்துவிடும்.

2017 ஜனவரியில் எல்லாப் பேப்பரிலும் "மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிப்பு" என்று தலைப்பு வந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அது இந்த மெசென்டரிதான். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, லியோனார்டோ டாவின்சியே அதை ஒரே தொடர்ச்சியாக வரைந்து வைத்திருக்கிறார். 1885-ல் லண்டனில் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்கிற சர்ஜன் அது துண்டு துண்டானது என்று சொல்ல, பாடப்புத்தகங்கள் அதையே பிடித்துக்கொண்டன. அயர்லாந்தில் லிமெரிக் பல்கலைக்கழகத்து சர்ஜன் கால்வின் காஃபியும் அவரோடு இருந்தவர்களும், இல்லை, தொடக்கம் முதல் கடைசி வரை ஒன்றுதான், அதை ஒரு உறுப்பாகவே எண்ண வேண்டும் என்று எழுதினார்கள். படித்த சர்ஜன்களுக்கே இந்த இடத்தைச் சரியாகப் பார்க்க நூறு வருசத்துக்கு மேல் ஆயிற்று என்றால் உங்கள் ஓவியர் தப்பாகப் போட்டதை நான் பெரிதாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் காங்கேயத்துப் பெண்ணுக்கு நூறு வருசம் இல்லை.

குழாய்க்கு வருகிறேன். தொப்புளுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. தசைக்குள் ஒன்று, தோலுக்கு அடியில் ஒன்று என்று குழாயின் மேல் இரண்டு துணிப் பட்டை இருக்கும். சதை அதன்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும், கிருமி உள்ளே இறங்காது. 1968-ல் அமெரிக்காவில் ஹென்றி டெங்காஃப் என்கிற டாக்டர் அமைத்தது, இன்றும் அவர் பேரில்தான் குழாய் வருகிறது. முனை நிற்க வேண்டிய இடம் குடல் இல்லை, இடுப்புக்குழியின் அடி. ஆம்பளைக்கு மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே ஜவ்வு தாழ்ந்து ஒரு பள்ளம் விழுகிறது. பொம்பளைக்குக் கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே விழுகிற பள்ளம்தான் எல்லாவற்றையும்விடத் தாழ்வு. டக்ளஸ் பள்ளம் என்பார்கள். தண்ணீர் தானாக வடிந்து சேருவது அங்கே என்பதால் குழாயும் அங்கே. பம்பு கிடையாது, மிஷின் கிடையாது. உள்ளே விடும்போது பையை மேலே மாட்டுகிறோம், எடுக்கும்போது காலியான பையைத் தரையில் வைக்கிறோம். அவ்வளவுதான் டெக்னிக். 1976-ல் டெக்சாஸில் போபோவிச்சும் மோன்கிரீஃபும் இப்படித் தண்ணீரை எப்போதும் உள்ளேயே நிறுத்தி வைத்து மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் இது வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு தடவை தண்ணீர் உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. ஆசாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "கொடலு குடிச்சிருக்கும்மா, ஒண்ணுக்குப் போனா வந்துரும்" என்றார் மாமனார் முறை ஒருவர். ஒண்ணுக்கு வருவதானால் எங்களுக்கு இந்தப் பாடே இல்லையே. கொழுந்தனார், இனிமேல் காலையில் சாப்பாட்டை நிறுத்து, இடம் கிடைக்கும் என்றார். இரண்டும் உங்கள் படத்தில் உள்ள வயிற்றுக்குச் சொன்ன வைத்தியம்.

நான் பார்த்த வரிசை வேறு. கிளாம்ப் திறந்திருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, அப்புறம் இரண்டு நாளாக வெளிக்குப் போனாரா. கடைசிக் கேள்விதான் முக்கியம். தண்ணீர் குடலுக்குள் இல்லை, ஆனால் குடல் பக்கத்து வீடு. மலம் இறுகிப் பெருங்குடலின் கடைசி வளைவு புடைத்தால் ஜவ்வுக்கு இந்தப் பக்கம் இருக்கிற குழாயை நசுக்கிவிடும், இல்லை இடத்தை விட்டுத் தள்ளிவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்த மலமிளக்கி கொடுத்துப் பார்த்தோம், அசையவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் குழாய் முனை இடுப்புக்குழியை விட்டு மேலே ஏறியிருந்தது. சர்ஜன் கேமரா விட்டுப் பார்த்தார். ஒமென்டம் குழாயின் ஓட்டைகளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டிருந்தது. மனுசனுக்கு அது இரைப்பையின் பெரிய வளைவிலிருந்து முன்னால் தொங்கி, மடங்கி மேலே போய்ப் பெருங்குடலில் சேர்கிற கொழுப்பு மடிப்பு. வயிற்றுக்குள் எங்கே புண், எங்கே சீழ், எங்கே வேண்டாத பொருள் என்றாலும் அங்கே போய் ஒட்டி மூடிவிடும். அப்பெண்டிக்ஸ் வெடித்தால் சீழ் பரவாமல் பல பேரைக் காப்பாற்றுவது இதுதான். ரதர்ஃபோர்டு மோரிசன் என்ற இங்கிலாந்து சர்ஜன் வயிற்றின் போலீஸ்காரர் என்று பேர் வைத்தார். எங்கள் குழாயும் போலீஸ் கண்ணுக்கு வேண்டாத ஆசாமி. பிரித்து எடுத்து, ஒமென்டத்தை மேலே ஏற்றித் தையல் போட்டார்கள். அப்புறம் தண்ணீர் ஒழுங்காக வருகிறது.

உங்கள் நாளிதழ் எங்கள் வீட்டில் இரண்டு வேலை செய்கிறது. படிப்பது ஒன்று. வடிந்த தண்ணீர்ப் பையை அதன்மேல் வைத்து, அடியில் இருக்கும் எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. மஞ்சளாக, தெளிவாக இருந்தால் பொடி எழுத்தையும் படிக்கலாம். கலங்கியிருந்தால் தலைப்பே மங்கும். கலங்கல் என்றால் ஜவ்வுக்குள் கிருமி புகுந்துவிட்டது, வெள்ளணுக்கள் குவிகின்றன என்று அர்த்தம். பெரிட்டோனைட்டிஸ். அன்றைக்கே, பையோடு ஆஸ்பத்திரி போய்விட வேண்டும். மருந்தையே தண்ணீரில் கலந்து அந்த இடத்துக்குள் விடுவார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலி என்றால் அது சாதாரண வயிற்றுவலியும் இல்லை. உறுப்பின் மேல் இருக்கிற அடுக்குக்கு வெட்டினாலும் சுட்டாலும் தெரியாது, இழுத்தால் உப்பினால்தான் மந்தமாக ஒரு வலி. சுவரில் ஒட்டிய அடுக்குக்கு மேல்தோலுக்குப் போகிற அதே நரம்புகள் போகின்றன. அது வீங்கினால் ஆள் மூச்சுவிடப் பயந்து மரமாகப் படுத்திருப்பார். அப்பெண்டிக்ஸ் வலி முதலில் தொப்புளைச் சுற்றி மங்கலாக இருந்து, பிறகு வலப்பக்கம் அடிவயிற்றில் குத்தலாக மாறுவதற்கும் இதே காரணம்தான். அந்த மாற்றத்தை "வாய்வு எறங்குது" என்று சொல்லிக் கஷாயம் போட்டுக் கொடுத்த வீடுகள் எங்கள் ஊரில் உண்டு.

கிருமி வருவது பெரும்பாலும் நம் கையிலிருந்து. தறி வீட்டில் பஞ்சுத் தூசிக்குக் கேட்க வேண்டியதில்லை, மின்விசிறி இறக்கை மேலேயே கம்பளி விரித்திருக்கும். பொடக்காலிப் பக்கம் ஒரு சின்ன அறையை இதற்கென்றே ஒதுக்கி, சிமெண்ட் தரை போட்டு, அங்கே தறிச் சாமான் எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கை கழுவித் துடைத்த பிறகுதான் மூடியைக் கழற்றுவது. கலியாணத்துக்குப் போனால் மண்டபத்தில் மணப்பெண் அறை ஜன்னல் கம்பியில் பை தொங்கும். ஒறம்பரையெல்லாம் கதவுக்கு வெளியே நிற்பார்கள், நிற்க வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம், யாரும் எழுதுவதில்லை. குழாயில் காற்று சேர்ந்து உள்ளே போய்விட்டால் சில பேருக்குத் தோள்பட்டை வலிக்கும். மாரடைப்போ என்று பயந்துபோவார்கள். காற்று மேலே ஏறி உதரவிதானத்துக்கு அடியில் நிற்கிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவது, தோள் தோலுக்கும் அதே இடத்திலிருந்துதான் நரம்பு போகிறது, அதனால் மூளைக்குத் தோள் வலிப்பதாகத் தோன்றும். ஆனால் சர்க்கரைக்காரர்கள் இதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடுத்தது, பொம்பளை எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம், ஆம்பளைகளுக்கு விதைப்பை வீங்கலாம். கருவில் விதை வயிற்றிலிருந்து கீழே இறங்கும்போது இந்த ஜவ்வையும் ஒரு விரல் நீட்டாக இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு அந்த வழி மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடாமல் இருக்கும். இரண்டு லிட்டர் அழுத்தம் வந்ததும் தண்ணீர் அங்கே இறங்கும், இல்லாவிட்டால் குடலிறக்கமாக வரும். வெட்கப்பட்டு மறைத்துவைக்கிறார்கள். சரிசெய்யக்கூடியதுதான்.

பொம்பளைகளுக்கும் ஒன்று இருக்கிறது, காங்கேயத்துப் பெண்ணுக்காகவே எழுதுகிறேன். ஆம்பளைக்கு இந்த இடம் முழுக்க மூடியது. பெண்ணுக்குக் கருக்குழாய்களின் வாய் இதற்குள் திறந்திருக்கிறது. அதனால் தூரமாகிற சமயத்தில் வடிகிற தண்ணீர் சிவந்து வரலாம். குடலில் ரத்தம் கசிகிறது என்று அலற வேண்டியதில்லை. முதல் தடவை டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டால் போதும்.

சாப்பாடு பற்றியும் உங்கள் கட்டுரை மிஷின் டயாலிசிஸ் பட்டியலையே அப்படியே போட்டிருந்தது. இதில் தண்ணீரோடு தினமும் புரதமும் வெளியே போகிறது. அதை ஈடுகட்ட முட்டை வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒறம்பரை ஒவ்வொருத்தரும் அவர் தட்டிலிருந்து முட்டையை எடுக்கப் பார்க்கிறார்கள், கையைத் தட்டிவிடுவதே எனக்கு வேலை. உள்ளே விடுகிற சர்க்கரையில் ஒரு பங்கு ஜவ்வு வழியாக ரத்தத்தில் ஏறுகிறது, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் இன்சுலின். பட்டியலை அவரவர் டாக்டர் போட வேண்டும், பேப்பர் போடக் கூடாது.

இந்த முறை எல்லோருக்கும் ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆகி உள்ளே அடுக்குகள் ஒட்டிப் போனவர்களுக்கு முடியாமல் போகலாம். பல வருசம் ஆனால் ஜவ்வே தடித்து வேலை குறையும். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளும் வேண்டும். அந்தக் காரணங்களுக்காக ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் அது அவள் முடிவு. குடலுக்குள் குழாய் போகிறது என்று நினைத்து வேண்டாம் என்று சொன்னால் அது அவள் முடிவு இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை நோயாளி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. உங்கள் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை. அதையும் சேர்த்துப் போடுங்கள்.

திருத்தம் போடுவதானால் உள்பக்க மூலையில் இரண்டு வரியாகப் போட்டுவிடாதீர்கள். அதே ஞாயிறு, அதே மருத்துவப் பக்கம், புதுப் படத்தோடு. படத்தை முன்னாலிருந்து போடாமல் பக்கவாட்டில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் இரண்டு அடுக்கும் தெரியும். முதுகோரம் கிட்னி, அதற்கு முன்னால் ஜவ்வு, அது மடிந்து வந்து குடலைச் சுற்றுவது, முன்னால் தொங்கும் ஒமென்டம், கீழே பள்ளத்தில் குழாயின் முனை, இவ்வளவும் இருந்தால் போதும். தண்ணீர் நிற்கும் இடத்துக்கு மட்டும் நீல நிறம் கொடுக்கச் சொல்லுங்கள். குடலுக்குள் ஒரு சொட்டு நீலம் போகக் கூடாது. ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்பினால் நல்லது. வந்ததும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நான் காங்கேயம் பஸ் ஏறுகிறேன்.

என் பெயர் போட வேண்டாமுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்.